எலி பிடிக்கிறவனும் அவன் நாயும்

சென்ற இதழில் பல்லாங்குழியையும் மலாய்க்காரர்களின் சொங்காக்கையும் பற்றி எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்தன. புளியங்கொட்டைக்குப் பதில் ரப்பர் விதை வைத்து ஆடிய கதையைப் பலர் நினைவுகூர்ந்திருந்தார்கள். பேராக் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் மட்டும் வேறு விதமாக இருந்தது.

அவருடைய மகன் பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறானாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனின் பையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. அட்டையில் சேவற்கொண்டை மாதிரி முடியை நிறுத்திக்கொண்டு கோடாரி தூக்கிய ஒரு குள்ளன். கூடவே பத்து முகங்கொண்ட விசித்திரமான தாயக்கட்டைகள். சனிக்கிழமை இரவு நண்பர்கள் நாலு பேர் வந்துவிட்டால் கட்டையை உருட்டுவதும் பேசுவதும் சிரிப்பதுமாக விடிந்துவிடுகிறதாம். "என்னடா இது என்று கேட்டால், 'நான் எலி பிடிக்கிறவன் அம்மா, என்னிடம் ஒரு நாய் இருக்கிறது' என்கிறான் ஐயா. தாயம் உருண்ட வீடு உருப்படாது என்பார் என் மாமியார். இது சூதாட்டமா, இல்லை பிள்ளைக்குப் புத்தியில் ஏதும் கோளாறா? விளையாட்டைப் பற்றி எழுதுகிற நீங்கள் பதில் சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மகன் சொன்னது முழு உண்மை. அந்தப் புத்தகத்தை நானும் அறிவேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடுதித் தோழன் ஒருவன் தைத்து ஒட்டி வைத்திருந்த படியில், பல இரவுகள் நானும் அதை ஆடியிருக்கிறேன். எனக்குக் கட்டையில் விழுந்தது சுங்கச்சாவடிக்காரன் வேலை. அதன் பெயர் வார்ஹேமர் ஃபேன்டஸி ரோல்பிளே. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு வெளிவந்தது.

சூதாட்டமா என்றால், இல்லை. ஒரு காசும் கைமாறாது. வென்றவன் தோற்றவன் என்பதும் இதில் கிடையாது. ஒருவர் கதை நடத்துபவராக உட்காருவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். "மழை பெய்கிறது. சத்திரத்துக் கதவு உட்பக்கம் பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ அழுகிறார்கள். என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒருவன் கதவைத் தட்டுவேன் என்பான், ஒருவன் சன்னல் வழியே ஏறுவேன் என்பான். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தானா என்பதற்குத்தான் கட்டை. பத்துமுகக் கட்டை இரண்டை உருட்டி, ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 1 முதல் 100 வரை ஓர் எண் வரும். அந்தச் செயலுக்குரிய உங்கள் திறமை 34 என்றால், 34 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். கூடிவிட்டால் காரியம் கெட்டது. நம் ஊர் கூத்தும் தாயமும் கைகோத்துக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் பிறப்பைக் கேட்டால் சென்ற இதழ் படித்தவர்கள் மகிழ்வீர்கள். 1975இல் லண்டனில் ஜான் பீக், இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன் என்ற மூன்று நண்பர்கள் தொடங்கியது அது. முதன்முதலில் அவர்கள் செய்து விற்றவை மரத்தாலான ஆட்டப் பலகைகள். அவற்றுள் மான்கலா பலகையும் ஒன்று. மான்கலா என்பது குழியில் காய் போட்டு ஆடும் ஆட்டங்கள் அனைத்துக்கும் வெள்ளைக்காரர் வைத்திருக்கும் பொதுப்பெயர். பல்லாங்குழியும் சொங்காக்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தை இந்த நண்பர்கள் பிரிட்டனில் விற்கத் தொடங்கிய பிறகு, பலகை செய்த பீக் விலகிக்கொண்டார். 1978இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடை திறந்தது. 1983இல் சிறு உலோகப் பொம்மைகளை அணிவகுத்துப் போர் நடத்தும் வார்ஹேமர் ஆட்டம் வந்தது. அந்தப் பொம்மைப் போர் நடக்கும் உலகத்திலேயே, படைத் தளபதியாக இல்லாமல் ஒரு தனி மனிதனாக வாழ்ந்து பார்க்கலாமே என்று எழுந்ததுதான் 1986ஆம் ஆண்டுப் புத்தகம். ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி, கிரேம் டேவிஸ், ஜிம் பாம்ப்ரா, ஃபில் கல்லகர் ஆகியோர் சேர்ந்து எழுதினார்கள்.

அமெரிக்க ஆட்டத்தில் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே வீரன், மந்திரவாதி, அல்லது அவர்களைப் போன்ற பெரிய ஆள். குகைக்குள் போவீர்கள், பூதத்தைக் கொல்வீர்கள், பொன்னோடு திரும்புவீர்கள். பிரிட்டிஷ்காரர்களின் புத்தகம் வேறு வழியில் போயிற்று. போர்வீரர், காட்டிலும் வெளியிலும் பிழைப்பவர், தந்திரத்தால் பிழைப்பவர், படிப்பால் பிழைப்பவர் என்று நாலு வகுப்பு. உங்கள் எண்கள் இடங்கொடுத்தால் இவற்றுள் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த வகுப்புக்குள் என்ன வேலை என்பதைக் கட்டைதான் சொல்லும். படகோட்டி, மாடு மேய்ப்பவன், கூலியாள், வேலைக்காரன், தலைச்சுமை வியாபாரி, பிச்சைக்காரன், கல்லறைத் திருடன், வைத்தியரிடம் படிக்கும் மாணவன், எழுத்தர், இரவுக் காவலாளி என்று பட்டியல் நீளும். அதில் எல்லாருக்கும் மறக்காமல் இருப்பவன் எலி பிடிக்கிறவன். செத்த எலிகளைக் கட்டித் தொங்கவிட ஒரு கழி, சில பொறிகள், அப்புறம் 'சின்ன ஆனால் பொல்லாத நாய்' ஒன்று. அவனுடைய ஆஸ்தி அவ்வளவுதான். புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. உலகெங்கும் இந்த ஆட்டத்தை ஆடியவர்களிடம் போய் அந்த நாயைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும்.

எலியின் அருமை நமக்குத் தெரியாததா! செம்பனைக் குலையைக் கடித்துத் தின்னும் எலிக்காக நிர்வாகம் ஆந்தைக் கூடு வைத்துக் காத்திருப்பதை அன்றாடம் பார்க்கிறோம். எலி பிடிக்கிறவன் இல்லாத ஊரில் தானியமும் தங்காது, நோயும் நீங்காது. ஆனால் எந்தக் கதையில் அவன் கதாநாயகனாக வந்திருக்கிறான்?

எண்களையும் கொஞ்சம் பாருங்கள். புதிதாகப் பிறக்கும் மனிதப் பாத்திரத்துக்குப் பெரும்பாலான திறமைகளில் கிடைப்பது 22 முதல் 40 வரை. நடுத்தரம் என்றால் 31. அதாவது மூன்று முறை முயன்றால் ஏறத்தாழ ஒரு முறைதான் பலிக்கும். அடிபட்டால் சீழ் பிடிக்கும், நோய் வரும், பயங்கரங்களைக் கண்டால் மனம் பேதலிக்கும். இதற்கெல்லாம் கணக்கு உண்டு. பணம் எப்போதும் பற்றாது. இவ்வளவு கஷ்டத்துக்கும் ஈடாகப் புத்தகம் தருவது 'விதிப் புள்ளிகள்' சில. நிச்சயமாகச் சாக வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியைச் செலவழித்து உயிர் தப்பலாம். செலவழித்த புள்ளி எளிதில் திரும்பாது. ஆங்கிலத்தில் சட்டத்துக்கு ஒரு சொல், தலையெழுத்துக்கு வேறொரு சொல். நமக்கு இரண்டுமே விதி. இந்த ஆட்டத்தைத் தமிழில் சொல்லும்போது அந்த ஒற்றைச் சொல் அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது.

இனி, நான் இந்தப் புத்தகத்தை மதிப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலையின் விவரத்துக்குக் கீழேயும் ஒரு சிறு பகுதி இருக்கும். 'இங்கிருந்து போகக்கூடிய வேலைகள்' என்பது அதன் கருத்து. வைத்திய மாணவன் வைத்தியனாகலாம். மந்திரவாதியிடம் எடுபிடியாக இருப்பவன் மந்திரவாதியாகலாம். மற்றவற்றுக்கும் வழிகள் அச்சிட்டிருக்கும். சில மேலே ஏறுபவை, சில பக்கவாட்டில் போகிறவை, சில குற்றவாளி வாழ்க்கைக்கு இறங்குபவை. அனுபவத்துக்குப் புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் 100 புள்ளி கட்ட வேண்டும். பல மாதம் ஆடினால்தான் ஓர் ஆள் இரண்டு மூன்று வேலை மாறி, கொஞ்சம் தலைநிமிர முடியும். பிறப்பில் விழுந்த வேலை கட்டையின் வேலை, ஆனால் அதிலேயே கிட என்று அது யாரையும் சொல்வதில்லை. பரம்பரைத் தொழில் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சிறு பகுதியின் அருமை சட்டென்று புரியும்.

அந்தக் காலத்துப் பிரிட்டனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1986இல் அங்கே வேலையில்லாதவர்கள் 30 இலட்சத்துக்கும் மேல். 1984 மார்ச்சில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓராண்டு நடந்து, 1985 மார்ச்சில் தொழிலாளர் கையில் எதுவுமின்றி முடிந்திருந்தது. இந்த ஆட்டம் உருவான நாட்டிங்காம் வட்டாரமே சுரங்க வட்டாரம். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்று குடும்பங்களே பிளந்து நின்ற இடம். உலோகப் பொம்மைகளை வார்த்த சிட்டடல் பட்டறை இருந்த ஈஸ்ட்வுட்டும் ஒரு பழைய சுரங்கச் சிற்றூர்தான். எழுதியவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று அடித்துச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் வேலை என்பது ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும், அது போய்விட்டால் அவன் என்ன ஆவான் என்ற கேள்வி தெருவெல்லாம் கேட்ட ஊரில், கற்பனை ஆட்டத்துக்கு உட்கார்ந்தவனிடமும் முதலில் "உன் வேலை என்ன?" என்று கேட்டார்களே, அது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆட்டத்துக்கென 1986இல் தொடங்கி 1989 வரை தொடர்கதை போல வெளிவந்த நூல்வரிசை ஒன்று உண்டு. 'உள்ளிருக்கும் பகைவன்' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். பழைய ஜெர்மானிய நாட்டைப் போன்ற ஒரு பேரரசு. கையில் காசில்லாத நாலைந்து பேர், இளவரசர் ஒருவர் ஆள் எடுக்கிறார் என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தலைநகருக்கு வண்டியேறுகிறார்கள். வழியில் ஒரு பிணம் கிடக்கிறது. அவர்களுள் ஒருவனை அச்சாக உரித்து வைத்த முகம். பிணத்தின் சட்டைப்பையில், பெரிய சொத்து உனக்கு வந்திருக்கிறது என்று வக்கீல் கடிதம்! பசித்தவன் என்ன செய்வான்? செத்தவனின் பெயரைச் சூடிக்கொண்டு போகிறான். அந்தச் சொத்துக் கடிதமே ஆளைப் பிடிக்க வைத்த பொறி என்பது பிறகுதான் தெரிகிறது. தலைநகரில் இளவரசரின் ஆட்களோ ஏற்கனவே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்தது போகன்ஹாஃபன் என்ற ஊர்ச் சந்தை. வேடிக்கைக் கூடாரத்திலிருந்து மூன்று கால் கொண்ட குறளி ஒன்று தப்பிச் சாக்கடைக்குள் ஓடுகிறது. பிடித்து வா என்று இந்த ஏழைகளைத்தான் சாக்கடைக்குள் இறக்குகிறார்கள். அங்கே அவர்கள் காண்பது வேறு. ஊரின் பெரிய வணிகர்கள், கோயிலிலும் சபையிலும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள், நிலத்தடியில் இரகசியமாகக் கூடி ஒரு சடங்கு நடத்த இருக்கிறார்கள். அது ஊருக்கு வளம் சேர்க்கும் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். நடந்தால் ஊரே அழியும். மேலே வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? சாக்கடை நாற்றம் அடிக்கிறவன் பேச்சு சபையேறுமா? அரக்கன் வாளோடு வரவில்லை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஊர்ப் பெரியவராக வருகிறான். முடிவை நான் சொல்லமாட்டேன். இன்னும் ஆடாதவர்கள் இருக்கிறார்கள். இதே உலகத்தில், நகரங்களுக்கு அடியில் எலிமுகம் கொண்ட ஒரு கூட்டம் வாழ்கிறது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அதிகாரிகள் சாதிப்பார்கள். எலி பிடிக்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

குறைகளும் உண்டு. மந்திர வித்தைப் பகுதி மெலிந்தது. அதற்கெனத் தனிப் புத்தகம் வரும் என்று சொல்லிவிட்டு, 2001இல்தான் வேறொரு நிறுவனம் அதை வெளியிட்டது. பதினைந்து ஆண்டு! உடல் உறுதி மிகுந்த குள்ளனை வெட்டினால் கவசமில்லாமலே காயம் படாது என்ற விபரீதம் வேறு. 'சட்டையில்லாக் குள்ளன்' என்று ஆடுபவர்களே கேலி செய்தார்கள். இரத்தமும் பேயும் கொஞ்சம் தூக்கலான புத்தகம். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் நான் கொடுக்கமாட்டேன். ஆங்கிலமும் கடினம்.

பேயைப் பற்றிச் சொன்னதும் சில தாய்மார்கள் கவலைப்படுவீர்கள். 1980களில் அமெரிக்காவில் சில மதக்குழுவினரும் இவ்வகை ஆட்டங்களைப் பேய் வழிபாடு என்று எதிர்த்தார்கள். திரௌபதி அம்மன் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவர் துரியோதனன் ஆகிவிடுவாரா? அவ்வளவே.

புத்தகத்தைக் கொடுக்காவிட்டாலும் அதன் ஒரு யோசனையை வகுப்புக்கு எடுத்துப் போனேன். சென்ற ஆண்டு இறுதித் தேர்வு முடிந்த வாரத்தில், ஆறாம் ஆண்டு மாணவர் ஒன்பது பேரிடம், தங்களுக்குத் தெரிந்த வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே 'இங்கிருந்து போகக்கூடிய வேலைகள்' மூன்றை எழுதச் சொன்னேன். கிராணி, தாதி, கடைக்காரர் இவற்றுக்கெல்லாம் மளமளவென்று நிரப்பிவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுபவர் என்பதில் பேனா நின்றது. ஒரு சிறுமி 'டிராக்டர் ஓட்டுநர், மண்டோர்' என்று இரண்டு எழுதி மூன்றாவதற்குக் கோடு போட்டாள். ஒரு பையன் 'இல்லை' என்று எழுதினான். அவன் தந்தை குலை வெட்டுகிறவர். இன்னொருத்தி 'சொந்தமாகக் கொடுவாள் தீட்டும் கடை' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டியதும் வகுப்பில் பெரிய வாக்குவாதம். பட்டறை வைக்க எவ்வளவு பணம் வேண்டும், யார் கடன் கொடுப்பார்கள், ஒரு தோட்டத்துக்கு எத்தனை கொடுவாள் என்று மணியடிக்கும் வரை பேசினார்கள். 'இல்லை' என்று எழுதிய பையன்தான் கொடுவாள் கணக்கைச் சொன்னான்.

புத்தகத்தின் பிற்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொம்மை விற்பனையில்தான் இலாபம் என்று கண்ட நிறுவனம் மெல்ல இதைக் கைவிட்டது. 1995இல் ஹாக்ஸ்ஹெட் என்ற சிறிய பதிப்பகம் எடுத்து உயிர் கொடுத்தது. என் தோழனிடம் இருந்தது அவர்கள் அச்சிட்ட படி. 2005இல் இரண்டாம் பதிப்பு, 2009இல் சீட்டுகளும் புதுவகைக் கட்டைகளுமாக மூன்றாவது. 2018இல் கியூபிக்கிள் செவன் வெளியிட்ட நான்காவது மறுபடியும் பழைய வழிக்குத் திரும்பியது. 'உள்ளிருக்கும் பகைவன்' வரிசையையும், முதலில் எழுதியவர்களுள் ஒருவரான கிரேம் டேவிஸின் மேற்பார்வையில் 2020 முதல் விரிவாக்கி வெளியிட்டார்கள்.

நான்காம் பதிப்பில் ஒரு மாற்றம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதில் ஒவ்வொரு வேலைக்குள்ளேயே நாலு படி வைத்துவிட்டார்கள். எலி பிடிக்கிறவன் முதலில் எலி வேட்டைக்காரன், பிறகு எலி பிடிப்பவன், பிறகு சாக்கடைக் காவலன், கடைசியில் எலியொழிப்பு வல்லுநன். வேறு வேலைக்கு மாறவும் வழி உண்டுதான். ஆனால் முன்பு ஒவ்வொரு வேலைக்கும் கீழே அச்சிட்டிருந்த அந்த வெளிவழிப் பட்டியல் போய்விட்டது. இதுதான் சரி, எந்தத் தொழிலையும் மதித்து அதிலேயே உயரலாமே என்பார்கள் சிலர். முப்பது ஆண்டு பால் வெட்டிய கையின் நேர்த்தியைப் பார்த்தவன் நான், அந்த வாதத்தைத் தள்ளமாட்டேன். இருந்தாலும் நாலாம் படி ஏறிய பிறகும் அவன் நிற்பது சாக்கடையில்தானே? பழைய புத்தகம் கதவைக் காட்டியது. புதியது ஏணியைக் காட்டுகிறது. என் பிள்ளைக்கு இரண்டில் எது என்று கேட்டால் கதவு என்பேன். உங்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பொல்லாத நாய் மட்டும் நான்காம் பதிப்பிலும் இருக்கிறது.

பேராக் தாயாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை நண்பர்கள் வரும்போது பலகாரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். இடையிடையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள், சொல்வான்.

கேம்ஸ் வொர்க்‌ஷாப் நண்பர்கள் முதலில் செய்த பலகைகளுள் ஒன்பது காய் ஆட்டமும் இருந்தது. மண்ணில் கோடு கிழித்து நம் பெரியவர்கள் ஆடியது. அதைத் தாத்தாவிடமோ அப்பாவிடமோ கற்றவர்கள், கோட்டின் படத்தோடு இம்மாத இறுதிக்குள் எழுதினால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்கிறேன்.